அன்னத்தை வீணாக்காமையும் ஆராதனமே

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இவ்வாண்டு மலரில் அன்னத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க விரும்புகிறேன். அன்னதானத்தின் பெருமையை இத்தகைய மலர்களில் பெரியோர் பலர் எழுதியிருக்கின்றனர். இட்ட அன்னம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை எழுதியவர் மிகச் சிலரே. திருவீதிப் புறப்பாட்டைக் கண்குளிர ஸேவித்து, ததீயாராதனப் பந்தியில் அமர்ந்து, வயிறார உண்டு எழுந்திருக்கும் நாம், எழுந்த பின்பு இலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இலையில் மீந்திருப்பது என்ன, அது எங்கே செல்கிறது, சென்ற இடத்தில் என்ன விளைக்கிறது என்பதைச் சாஸ்திரத்தின் துணைகொண்டும், இக்காலத்து அறிஞர்கள் அளந்து கண்ட செய்திகளின் துணைகொண்டும் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆனந்தத்தைக் கண்ட பின்னும் அன்னம்

தைத்திரீய உபநிஷத்தின் மூன்று வல்லிகளில் கடைசியானது ப்ருகுவல்லி. வருணனுடைய குமாரரான ப்ருகு, தந்தையை அணுகி ப்ரஹ்மத்தைப் பற்றிக் கேட்கிறார். தவத்தினால் அறிந்துகொள் என்று தந்தை கட்டளையிடுகிறார். ப்ருகு தவம் செய்து முதலில் கண்டது அன்னம். உயிர்கள் அன்னத்தினின்று பிறக்கின்றன, அன்னத்தினால் வாழ்கின்றன, முடிவில் அன்னத்திலேயே புகுகின்றன. ஆகையால் அன்னமே ப்ரஹ்மம் என்று அவர் முதலில் அறிந்தார். மேலும் தவம் செய்யச் செய்ய, ப்ராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாக ஏறி, இறுதியில் ஆனந்தமே ப்ரஹ்மம் என்று தெளிந்தார்.

அத்துடன் உபதேசம் நிறைவு பெற்றிருக்கலாம். ஆயினும் உபநிஷத் அங்கே நில்லாமல் மீண்டும் அன்னத்திற்கே இறங்கி வந்து, ஞானியானவன் கைக்கொள்ள வேண்டிய விரதங்களை விதிக்கிறது. அன்னத்தை நிந்திக்கலாகாது, வந்த அன்னத்தை வேண்டாமென்று ஒதுக்கலாகாது, அன்னத்தைப் பெருகச் செய்ய வேண்டும், தங்க இடம் நாடி வந்த எவரையும் திருப்பி அனுப்பலாகாது. இவை நான்கும் விரதங்கள் என்று அங்கே சொல்லப்படுகின்றன. முதற்படியில் கால் வைத்தவனுக்கு மட்டும் இவ்விதி சொல்லப்படவில்லை. உச்சிப்படி ஏறியவனுக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆனந்தத்தைக் கண்டவனுக்கும் சோற்றைப் புறக்கணிக்க அதிகாரமில்லை என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அன்னம் யாருடைய சொத்து?

எங்கள் பணத்தில் வாங்கிய அரிசி, எங்கள் வீட்டில் வடித்த சோறு, அதை உண்பதும் எறிவதும் எங்கள் விருப்பம் என்று சிலர் கருதலாம். ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தத்தில் இக்கருத்துக்கு இடமே இல்லை. சேதனம், அசேதனம் ஆகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம். அவன் சேஷி, நாம் சேஷபூதர்கள் என்பது எம்பெருமானார் நிலைநாட்டிய தத்துவம். உழும் நிலமும், பெய்யும் மழையும், விளையும் நெல்லும், உண்ணும் உடலும் அவனுடைய சொத்து. அவன் சொத்தை அவன் திருவுள்ளம் உகக்கும் வழியில் பயன்படுத்துவது கைங்கர்யம். அவ்வாறன்றிப் பாழாக்குவது, பிறர் பொருளைப் பெற்றுக் குப்பையில் கொட்டுவதை ஒக்கும்.

ப்ரஸாதம் என்று நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது எதனை? எம்பெருமான் அமுது செய்த பின் எஞ்சியதனை. ஸ்ரீகீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், யஜ்ஞத்தில் எஞ்சியதை உண்பவர் பாவங்களினின்று விடுபடுகின்றனர் என்றும், தமக்காகவே சமைப்பவர் பாவத்தையே உண்கின்றனர் என்றும் கண்ணன் அருளிச்செய்கிறான். அதனை அடுத்து ஒரு சக்கரத்தைக் காட்டுகிறான். உயிர்கள் அன்னத்தினால் உண்டாகின்றன. அன்னம் மழையினால் உண்டாகிறது. மழை யஜ்ஞத்தினால் உண்டாகிறது. யஜ்ஞம் கர்மத்தினால் உண்டாகிறது. இவ்வாறு சுழலும் சக்கரத்தைச் சுழற்ற உதவாதவன் வீணே வாழ்கிறான் என்று முடிக்கிறான்.

இச்சக்கரத்தைப் பலமுறை பாராயணம் செய்திருக்கிறோம். அன்னத்தை வீணாக்குகிறவன் இச்சக்கரத்தைச் சுழற்றாமல் இருப்பதோடு நிற்பதில்லை, அதனை எதிர்த்திசையில் தள்ளவும் செய்கிறான் என்பதை இக்காலத்து விஞ்ஞானம் கண்கூடாகக் காட்டுகிறது. அதனை இனிக் காண்போம்.

அமுது நஞ்சாகும் விதம்

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வீடுகளிலும் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று அதில் கணக்கிடப்பட்டிருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்த உணவில் இது நூற்றுக்கு 19 பங்கு. அதிலும் 63 கோடி டன், அதாவது பாதிக்கு மேற்பட்டது, வீடுகளில் வீணானது. நம் பாரத தேசத்தில் வீடுகளில் மட்டும் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்று அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. தோல், கொட்டை போன்ற உண்ணத்தகாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும் என்பது உண்மையே. ஆயினும் அதே 2022-ஆம் ஆண்டில் உலகில் 78 கோடி மக்கள் பசியால் வாடினர் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

வீணான அன்னம் வீணானதோடு ஓய்ந்துவிடுமானால் அது பசித்தவனுக்குச் செய்த அபசாரம் மட்டுமே ஆகும். அது ஓய்வதில்லை. காற்று நன்கு புகும் இடத்தில் மட்கும் சோறு எருவாகி மண்ணுக்குத் திரும்பும். அதே சோறு குப்பைக் கிடங்கில் மலைபோல் குவிந்த கழிவுகளுக்கு அடியில், காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இவ்வாயு விண்ணில் கலந்து, பூமியின் வெப்பம் வெளியேறாதபடி போர்வைபோல் தடுக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் மீத்தேன் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பர் அறிஞர். உலகில் மனிதர் செயலால் வெளிப்படும் வெப்ப வாயுக்கள் அனைத்திலும் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு, சேதமாகியும் வீணாகியும் போகும் உணவினால் விளைவது என்று மேற்சொன்ன அறிக்கை கூறுகிறது. அவ்வாறு வீணாகப் போகும் உணவை விளைவிக்க, உலக விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலவாகிறதாம்.

சென்னை மாநகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. நீர்ப்பறவைகள் வந்து தங்கும் அச்சதுப்பு நிலம், பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் 2022-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பெருங்குடிக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த குடியிருப்புகளில் முதியோரும் குழந்தைகளும் அப்புகையைச் சுவாசித்தனர். இத்தகைய கிடங்குகளின் உள்ளே அழுகும் கழிவிலிருந்து எழும் மீத்தேன் எளிதில் தீப்பற்றக் கூடியது. வயிற்றில் ஜாடராக்னிக்கு ஆஹுதியாக வேண்டிய அன்னம், கிடங்கில் ஊரைச் சுடும் அக்னிக்கு இரையாகிறது. வைச்வாநரனாக உயிர்களின் உடலில் இருந்து அன்னத்தைச் செரிப்பிப்பவன் தானே என்று கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் அருளிய பெருமானுக்கு இது உகப்பாகுமா?

இனி நீரைப் பாருங்கள். ஒரு கிலோ அரிசி விளைய மழையாகவும் பாசனமாகவும் ஏறத்தாழ 2500 லிட்டருக்குக் குறையாத நீர் செலவாகிறது என்று வேளாண் அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். ஒரு பெரிய கரண்டிச் சோற்றிற்கு 40 கிராம் அரிசி என்று கொண்டால், அந்த ஒரு கரண்டிக்குப் பின்னே 100 லிட்டர் நீர் நிற்கிறது. அது ஏழெட்டுக் குடம் நீர். பந்தியில் 5000 பேர் உண்ணும்போது ஒவ்வொருவரும் ஒரு கரண்டி மட்டும் மீத்து எழுந்தால், 200 கிலோ அரிசியும், அதன் பின்னே நின்ற 5 லட்சம் லிட்டர் நீரும் ஒரு வேளையில் பயனற்றுப் போகின்றன. கர்நாடகத்தில் தலைக்காவிரியிலிருந்து வரும் நீருக்காகக் கண் பூத்துக் காத்திருக்கும் நாட்டில், ஏழெட்டுக் குடம் நீரை இலையோரத்தில் ஒதுக்கி வைப்பது எவ்வளவு பெரிய அபராதம்! தவிர, நீர் தேங்கி நிற்கும் நெல்வயலின் சேற்றிலும் மீத்தேன் பிறக்கிறது. உண்ணப்பட்ட சோற்றிற்கு அது உயிர் காத்த செலவு. எறியப்பட்ட சோறோ விளையும்போது ஒருமுறையும், அழுகும்போது மறுமுறையும் விண்ணை வெதுப்புகிறது.

விண் வெதும்பினால் மழை என்னவாகும்? வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. ஆகவே பெய்யும்போது பேய்மழையாகக் கொட்டுவதும், பெய்யாதபோது நெடுநாள் காய்வதும் மிகுகின்றன. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் காவிரிப் படுகையில் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பாப் பயிர், பருவம் தவறிய மழையில் சாய்ந்து நீரில் மூழ்கியதைக் கண்டோம். ஒரு நாள் மழைக்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. எனினும் பருவத்தின் ஒழுங்கு குலைந்து வருகிறது என்பதில் அறிஞருக்குள் ஐயமில்லை. மழையினால் அன்னம் என்று கண்ணன் சொன்னான். அன்னத்தைப் பாழாக்கினால் மழையும் பாழாகும் என்பதை நாம் இப்போது கற்றுக்கொண்டு வருகிறோம்.

வாயில்லாப் பிராணிகளுக்கு நேரும் கேடு

மீந்த சோற்றைப் பசுவும் காக்கையும் தின்னுமே, அது வீணாவது எப்படி என்று கேட்பவர் உண்டு. நம் முன்னோர் விதித்த பஞ்ச மஹாயஜ்ஞங்களில் பூதயஜ்ஞம் ஒன்று. அதில் காக்கைக்கும் நாய்க்கும் எறும்புக்கும் பலியிடுவது தூய அன்னத்தை, நாம் உண்பதற்கு முன்பு, தக்க இடத்தில். நாம் உண்டு கழித்ததை பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருவோரம் வீசுவது பூதயஜ்ஞமாகாது. முடிச்சை அவிழ்க்கத் தெரியாத பசு சோற்றோடு பையையும் விழுங்குகிறது. செரியாத பை வயிற்றில் சேர்ந்து சேர்ந்து, இரை தங்க இடமின்றி அப்பசு மெல்ல மெல்ல மடிகிறது. கோபாலனைத் தொழுது திரும்பும் வழியில் கோவிற்கு இதனைச் செய்யலாமோ?

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோயமுத்தூரை அடுத்த மருதமலை அடிவாரத்தில் கருவுற்றிருந்த ஒரு பெண் யானை நோயுற்று விழுந்து, மருத்துவம் பலிக்காமல் இறந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன. உணவு வாசனையால் கவரப்பட்டு யானைகள் குப்பை மேடுகளை நாடி வருவது காட்டை ஒட்டிய ஊர்களில் இன்று வழக்கமாகிவிட்டது. முதலை வாய்ப்பட்ட கஜேந்திரன் கூப்பிட்ட குரலுக்குக் கருடன் மேலேறி ஓடிவந்த வரதனை நாம் ஸேவிக்கிறோம். யானையின் காலைப் பற்றிய முதலை ஒன்றே ஒன்று. அதன் வயிற்றைப் பற்றிய பைகளை வீசிய கைகள் எத்தனை என்பதை அவரவர் சிந்திக்க வேண்டும்.

ஆற்றிலும் புஷ்கரிணியிலும் சோற்றைக் கரைப்பதும் அவ்வாறே. கரைந்த அன்னத்தை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள், நீரில் கலந்துள்ள ப்ராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிந்து மிதக்கின்றன. மீனுக்குப் பொரி இடுவது புண்ணியம் என்று மூட்டை மூட்டையாகத் தெப்பக்குளத்தில் கொட்டினாலும் விளைவு இதுவே. மீன் தின்னும் அளவுக்கு ஒரு பிடி இட்டால் அது தர்மம். மிஞ்சினால் அந்த மீனுக்கே அது நஞ்சு. மத்ஸ்யமாக அவதரித்தவனுடைய திருக்குளத்தில் இதனைச் செய்யலாகாது.

திருமடைப்பள்ளி கற்பிக்கும் அளவு

அப்படியானால் அன்னதானத்தைச் சுருக்குவதா, கஞ்சத்தனத்தைச் சாஸ்திரம் போற்றுகிறதா என்று ஐயம் எழலாம். அன்னத்தைப் பெருகச் செய் என்பது உபநிஷத்தின் விதி என்று மேலே கண்டோம். பெருகச் செய்வது வேறு, மிஞ்சச் செய்வது வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டைத் திருமடைப்பள்ளியே நமக்குக் கற்பிக்கிறது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு அரிசி இத்தனை நாழி, பருப்பு இத்தனை உரி, நெய் இத்தனை உழக்கு, தயிர் இத்தனை நாழி, அடைக்காயமுது இத்தனை என்று ஒவ்வொன்றும் வரையறுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. ஊர் ஊராக நிலங்களை எழுதிவைத்த பேரரசர்கள், அள்ளி இறைக்கச் செல்வம் இருந்தும் அளந்தே கட்டளையிட்டனர். அளவு என்பது வறுமையின் அடையாளம் என்று அவர்கள் கருதவில்லை. ஆராதனத்தின் ஓர் அங்கமாகவே அதனைக் கருதினர்.

மற்றொன்றும் உண்டு. பெருமாள் அமுது செய்வதற்கு முன் தளிகையை ருசி பார்ப்பதோ முகர்ந்து பார்ப்பதோ கூடாது. உப்பும் புளியும் நெய்யும் சரியாக இருக்கின்றனவா என்று நாவினால் அறிய வழியில்லை. அளவு ஒன்றே மடைப்பள்ளிக் கைங்கர்யபரருக்குக் கண்ணும் நாவும் ஆகும். நாள்தோறும் பல படி அரிசி வடித்தும் அவர்கள் கை தவறாதிருப்பது இந்த அளவின் பழக்கத்தினாலேயே. பெருமாளுக்கு அளந்து ஸமர்ப்பிக்கும் நாம், அடியார்க்கு அளவின்றிக் கொட்டுவதைப் பெருமையாக எண்ணுவது பொருந்துமா?

பொன்னாகாத கீரிப்பிள்ளை

மஹாபாரதத்தில் ஆச்வமேதிக பர்வத்தில் ஒரு கதை வருகிறது. தர்மபுத்திரர் அச்வமேத யாகத்தை முடித்து, மலைமலையாக அன்னமிட்டு, எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில், உடலில் பாதி பொன்னான ஒரு கீரிப்பிள்ளை வளையிலிருந்து வெளிவந்தது. இந்த யாகம் குருக்ஷேத்திரத்து அந்தணர் ஒருவர் கொடுத்த ஒரு படி மாவுக்கு ஈடாகாது என்று அது அறிவித்தது. அனைவரும் திகைத்துக் காரணம் கேட்க, அது தன் கதையைச் சொல்லிற்று.

அந்த அந்தணர் உஞ்சவிருத்தி செய்பவர். அறுவடையான வயலில் சிந்திக்கிடக்கும் தானியத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உயிர் வாழ்பவர். பஞ்ச காலத்தில் பல நாள் பட்டினிக்குப் பின் சிறிது யவம் கிடைத்தது. மாவாக்கி, மனைவி, மகன், மருமகள் ஆகியோருடன் நான்கு பங்கிட்டு உண்ண அமர்ந்தபோது ஓர் அதிதி வந்தார். நால்வரும் ஒருவர் பின் ஒருவராகத் தம் பங்கை அவருக்கு அளித்தனர். வந்தவர் தர்மதேவதை. நால்வரும் நற்கதி பெற்றனர். அங்கே சிந்தியிருந்த மாத்துகளில் புரண்ட கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதியையும் பொன்னாக்க விரும்பி அது யாகசாலைகள் தோறும் சென்று புரண்டது. தர்மபுத்திரரின் யாகத்திலும் புரண்டது. ஒரு மயிரும் பொன்னாகவில்லை.

தர்மபுத்திரரைக் குறை கூறுவது இக்கதையின் கருத்தன்று. அன்னத்தின் மதிப்பு குவியலில் இல்லை என்பதையே இது உணர்த்துகிறது. சிந்திய தானியத்தையும் பொறுக்கி எடுத்தவர் கையில் அன்னம் பொன்னாயிற்று. ஸ்வாமி தேசிகனும் உஞ்சவிருத்தியையே ஜீவனமாகக் கொண்டு எழுந்தருளியிருந்தார் என்று ஸம்ப்ரதாயத்தில் சொல்வர். நம் பந்திகளில் எடுத்தெறியப்படும் இலைகளில் அக்கீரி புரண்டால் அதற்கு என்ன கிடைக்கும் என்று அடியேன் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதே பாரதத்தில், வனவாச காலத்தில் த்ரௌபதி உண்டு முடித்து அக்ஷய பாத்திரத்தைக் கழுவி வைத்த பின்பு துர்வாஸ மஹரிஷி பெருங்கூட்டத்துடன் வந்த கதையை அனைவரும் அறிவர். ஓடிவந்த கண்ணன் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த சிறிது கீரையையும் சோற்றையும் எடுத்து அமுது செய்தான். உலகம் முழுவதும் வயிறு நிறைந்தது. ஆற்றில் நீராடிக்கொண்டிருந்த ரிஷிகளுக்கும் ஏப்பம் வந்தது. நாம் இலையில் ஒதுக்கிவிட்டு எழும் பருக்கை, எம்பெருமான் கேட்டுத் தேடி எடுத்த பருக்கையின் இனத்தைச் சேர்ந்தது.

நாம் செய்யத்தக்கவை

உபயதாரர்களுக்கு முதலில் ஒரு விண்ணப்பம். இத்தனை ஆயிரம் இலை போட்டோம் என்று கணக்கிடுவதை விட்டு, எத்தனை பேர் பசியாறினர் என்று கணக்கிடுவீர்களாக. ஒரே பொழுதில் மொத்த அரிசியையும் உலையில் இடாமல், முதற் பந்தியின் கூட்டத்தைப் பார்த்து இரண்டாம் உலை வைக்கலாம். கைபடாமல் மீந்த அன்னத்தை, சூடு ஆறிப் பழுதாவதற்கு முன்பு அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்கோ மாணவர் விடுதிக்கோ அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். பொழுது சாய்ந்த பின் ஆள் தேடினால் அன்னம் காத்திராது.

பரிமாறும் கைங்கர்யபரர்களுக்கு இரண்டாவது விண்ணப்பம். கேட்பதற்கு முன் இடாதீர்கள். கேட்ட பின் மறுக்காதீர்கள். சிறுவர் இலையில் பெரியவர் அளவு வேண்டா. எச்சில் இலைகளோடு தண்ணீர்ப் புட்டியும் பிளாஸ்டிக் குவளையும் கலவாதபடி தனித்தனியே சேருங்கள். ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்தே கொடுக்க வேண்டும் என்று நடுவணரசு 2016-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் கட்டளையிட்டன. வாழையிலையும் மந்தாரையிலையும் சோறும் மட்டும் சேர்ந்தால், காற்றுப் படும்படி கிளறிவிட்ட குழியில் சில மாதங்களில் நந்தவனத்திற்கு எருவாகும். மூடிய கலத்தில் இட்டால் சாண எரிவாயுவைப் போல அடுப்பெரிக்கும் வாயுவாகும். விண்ணைச் சுடும் அதே மீத்தேன் அப்போது அடுப்பை எரிக்கும். கழிவிலிருந்து துளசிக்கு உரம் கிடைக்குமானால் சக்கரம் மீண்டும் நேர்வழியில் சுழலும்.

மூன்றாவது, யாத்ரிகர்களாகிய உங்களுக்கு. பந்தியில் அமர்ந்தவுடன் பசியளவு அறிந்து, போதும் என்று முன்பே கைகாட்டுங்கள். வேண்டாத பதார்த்தத்தை இலையில் விழுந்த பின் ஒதுக்குவதைவிட, விழுவதற்கு முன் தடுப்பது எளிது. தொன்னையில் ப்ரஸாதம் பெறும்போது, அங்கே உண்ணக்கூடிய அளவு பெறுங்கள். இல்லம் கொண்டு செல்ல விரும்பினால் ஒரு சம்புடமோ தூக்கோ கொண்டு வாருங்கள். ததியோதனத்தை அன்றே உண்டுவிடுங்கள், அது புளித்துவிடும். புளியும் எண்ணெயும் சேர்ந்த புளியோதரை மறுநாளும் தாங்கும். எதை முன்னே உண்பது என்று அறிந்தால் எதுவும் வீணாகாது.

கடைசியாக, இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாழிகை கடந்த உணவு தாமஸம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருக்கிறதே, ஆகவே மீந்ததை எறிவது சாஸ்திர சம்மதம் அன்றோ என்று சிலர் கேட்பர். அந்த வசனம் எதை உண்பது என்பதைச் சொல்கிறது. எறிவதற்கு அனுமதி தரவில்லை. மீந்த உணவுக்குப் பரிகாரம் எறிவதன்று, மீறாதபடி வடிப்பது. ஆழாக்கினால் அளந்து அரிசி இடும் இல்லத்தில் இக்கேள்வியே எழாது. மீறினாலும், நீரூற்றிய பழையதை உண்டு வயலுக்குச் சென்ற நம் உழவர் பெருமக்களின் வழக்கம் நமக்குத் தெரியாததன்று.

பெருமாளின் திருப்பக்கத்தில் எழுந்தருளியிருக்கும் பூமிப்பிராட்டி பொறுமையின் வடிவம். கடலில் அமிழ்ந்த அவளை வராஹமாக எழுந்து எடுத்து வந்தவன் எம்பெருமான். அவள் மடியில் விளைந்ததை உண்டு, மீந்ததை நஞ்சாக்கி அவள் மீதே கொட்டுவதை அவள் பொறுக்கலாம். அவளுடைய நாதன் திருவுள்ளம் அதனைப் பொறுக்குமோ என்பதே நாம் அஞ்ச வேண்டியது. இவ்வுத்ஸவத்தில் தீர்த்தமும் சடாரியும் பெற்று ப்ரஸாதத்திற்குக் கை நீட்டும்போது, இதில் ஒரு பருக்கையும் நிலத்தில் விழாது என்று ஒவ்வொருவரும் மனத்தில் ஸங்கல்பம் செய்துகொள்ள வேண்டுகிறேன். செலவில்லாத கைங்கர்யம் இது. ஏழைக்கும் செல்வருக்கும் ஒப்பாகக் கிடைப்பது. காலை முதல் இரவு வரை, இங்கும் இல்லத்திலும், நாள்தோறும் செய்யத்தக்கது.

அளந்து சமைத்து, பகிர்ந்து உண்டு, மீறாமல் முடிக்கும் இல்லங்களில் திருமகள் கேள்வன் நீங்காது நின்று, மாதம் மும்மாரி பொழியவும், வயல்கள் விளையவும், பசித்தோர் பசி தீரவும் திருவருள் புரிவானாக.

சுபம்.

இங்ஙனம்,
அடியேன்,
திருக்கோயில் அர்ச்சகன்